ஒருவன் விழும் வரை

லாயிட் ஓலினிக் முதன்முதலில் எங்கள் காப்பகத்துக்கு வந்தபோது அவன் நெஞ்சில் கை வைத்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவள் நான்தான். ஒரு பெண்ணின் புகைப்படத்தை நீட்டி, "இவங்க இங்க தூங்குறாங்களா?" என்று கேட்டான். கனடாவின் வின்னிபெக் நகரத்து மெயின் தெருவில் வீடில்லாதவர்களுக்குச் சோறு போடும் எந்த இடத்திலும் கேட்கக்கூடாத கேள்வி அது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று போலீசுக்கும் சொல்ல மாட்டோம், புருஷனுக்கும் சொல்ல மாட்டோம். ஏசுவே வந்து கேட்டாலும், "தெரியாதுங்க, வந்ததுக்கு ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றுதான் சொல்வோம்.

தனியார் துப்பறிவாளன் என்று அட்டையைக் காட்டினான். "ஓஹோ, துப்பறியும் சிங்கமா? சிங்கத்துக்கு இங்க கறி கிடையாது, கிளம்பு" என்றேன். மறுவாரம் இரண்டு பை நிறையக் கம்பளிக் காலுறைகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனான்.

அந்தப் பெண்ணை அவன் வேறு இடத்தில் கண்டுபிடித்திருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவளே சொன்னாள். அண்ணன்காரன் தேடச் சொல்லியிருக்கிறான், நீ இருக்கும் இடத்தைச் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டானாம். வேண்டாம் என்று அவள் அழுதிருக்கிறாள். திரும்பிப் போய், ஆள் அகப்படவில்லை என்று அண்ணனிடம் கைவிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அவனைச் சமையலறைக்குள் விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அண்டா தேய்ப்பான். அடிப்பிடித்ததை அப்படியே விட்டுவிட்டு, வெளிப்பக்கத்தை மட்டும் பளபளவென்று தேய்க்கும் ரகம்.

துப்பறிவாளன் என்றால் துப்பாக்கியும் தொப்பியுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முதுகு ஒடிந்துவிட்டது என்று காப்பீட்டுப் பணம் வாங்குகிறவன் கொல்லைப்புறத்தில் பனிச்சறுக்கு ஆடுகிறானா என்று, உறைந்துபோன காரில் உட்கார்ந்து படம் எடுக்கும் பிழைப்பு அது. காணாமல் போனவர்களைத் தேடுவது இன்னொரு பாதி. அந்தப் பாதியில் முக்கால்வாசிப் பேர் எங்கள் தெருவைச் சுற்றித்தான் கிடப்பார்கள். அப்படித் தேடித் தேடியே எங்கள் உலகம் அவனுக்கு அத்துப்படியாகிவிட்டது. எந்த மாதாகோவில் நிலவறையில் படுக்கை காலி, எந்த இடத்தில் நாயோடு வந்தாலும் சேர்ப்பார்கள், எந்த அலுவலகத்தில் யாரிடம் கத்த வேண்டும், யாரிடம் குழைய வேண்டும் என்பதெல்லாம் எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. கல்யாணமாகி, விவாகரத்தாகி, பிள்ளைகள் கால்கரிக்குப் போய்விட்ட மனிதன். இந்த வேலைகளை விட்டால் அவனுக்குப் பனித்தளத்தில் ஆடும் ஹாக்கிதான்.

ஹாக்கி என்றால் வெறும் ரசிகன் இல்லை. சின்ன ஊர்களின் தொழில்முறை லீக்கில், முட்டி போகும் வரை, எல்லைக்கோட்டு நடுவராக இருந்தவன். பனித்தளத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு சறுக்கிக்கொண்டே திரிவார்களே, அந்த ஆள். பந்தயத்தில் அந்த ஆளை யாரும் கவனிப்பதில்லை, அடிதடி வந்தால் தவிர.

அந்த லீக்குகளில் ஒவ்வொரு அணிக்கும் ஓர் அடியாள் உண்டு. கோல் போடுகிற பையனை எதிரணி இடித்துத் தள்ளினால் கணக்குத் தீர்க்க அவன் இறங்குவான். எதிரணியின் அடியாளும் வருவான். "போலாமா?" என்று ஒருவன் கேட்பான். இரண்டு பேரும் கையுறையை உதறிவிட்டு, சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, முகத்தில் குத்துவார்கள். கூட்டம் எழுந்து நின்று கத்தும். நடுவர்கள் சும்மா நிற்பார்கள். இருவரும் காலூன்றி நின்றுகொண்டிருக்கும் வரை உள்ளே போகக்கூடாது. போய் ஒருவன் கையைப் பிடித்தால் மற்றவன் அவன் தாடையைப் பெயர்த்துவிடுவான். ஒருவன் விழ வேண்டும். விழுந்த அந்த நொடியே பாய்ந்து அவன்மேல் கவிழ்ந்து மூடிக்கொள்ள வேண்டும். இளவயதில் அவசரப்பட்டு உள்ளே போய் லாயிட் இரண்டு முறை மூக்கை உடைத்துக்கொண்டிருக்கிறான். பொறுமையை மூக்கால் படித்தேன் என்பான்.

அடித்துக்கொண்ட இருவரும் பந்தயம் முடிந்ததும் ஒரே மதுக்கடையில் உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். வீங்கிய உதட்டோடு பிள்ளைகுட்டிகளை விசாரிப்பார்கள். பகை பனித்தளத்தோடு போய்விடும், வெளியே வராது. மாதாகோவிலை நம்பாத லாயிட் இதை முழுசாக நம்பினான்.

எங்கள் காப்பகத்தில் அப்படி ஓர் அடியாள் இருந்தான். டுவேன் ஃபிட்லர், கிரேன் ரிவர் பக்கத்துக்காரன். பெரிய லீக்கிலும் சில பந்தயங்கள் ஆடியவன். வாங்கிய குத்துக்கு வலி மாத்திரை, மாத்திரைக்கு மேல் சாராயம், அப்புறம் பெண்டாட்டி போனாள், வீடு போனது, கடைசியில் பாலத்தடி. விரல் முட்டிகள் மடங்காது. வெளிச்சம் கண்ணைக் குத்தும். காலையில் சொன்னதை மதியம் மறந்துவிடுவான். ஆனால் சண்டைக்கு வரும் குடிகாரன் பக்கத்தில் போய், "வாப்பா, சூப் ஆறுது" என்பான், அவனும் அடங்கி வந்து உட்கார்ந்துவிடுவான். எனக்குப் பிடித்த மனிதன். சொல்வதற்கு என்ன வெட்கம்.

லாயிட் அவனைக் கண்டதும் காலில் விழாத குறை. அந்த இலையுதிர் காலம் முழுக்க அவனுக்காகவே அலைந்தான். குடியை நிறுத்த வைத்தான், டாக்டரிடம் கூட்டிப்போனான், நகராட்சி ஆட்களிடம் சண்டை போட்டு செல்கர்க் தெருவில் ஓர் ஒற்றை அறை வாங்கினான். அடுப்பு, கட்டில், உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் கதவு. திங்கட்கிழமை காலையில் டுவேன் தன் காலால் நடந்து போய்ச் சாவியை வாங்க வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும், ஏனென்றால் அடுத்த ஆளும் பனியில்தான் படுத்திருந்தார். டுவேன் பழைய சாமான் கடையில் ஒரு வாணலி வாங்கி, பார்க்கிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். வருஷக்கணக்காக பூட்ஸைத் தலைக்கு வைத்துத் தூங்கிய மனிதனுக்குச் சொந்தக் கதவு என்றால் சும்மாவா.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய வாரம்தான் கர்ட் பென்னர் லாயிட்டின் அலுவலகத்துக்கு வந்தான். ஸ்டைன்பாக் ஊரில் டிராக்டர் விற்கிறவன். அவனும் பழைய அடியாள்தான். டுவேனும் அவனும் மோதாத ஊர் இல்லை. பல சண்டைகளில் நடுவே நின்றவன் லாயிட்டே. வயதாகிறது, டுவேனை ஒருமுறை பார்த்துக் கையைக் குலுக்க வேண்டும், ஆள் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துக் கொடு என்று பென்னர் கேட்டிருக்கிறான். இதை என்னிடம் சொல்லும்போதே லாயிட்டுக்குக் கண் கலங்கியது.

வழக்கம்போல அவன் டுவேனிடம்தான் முதலில் கேட்டான். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். பென்னர் பெயரைக் கேட்டதும் டுவேனின் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆகிவிட்டது.

"பென்னரா? வரச் சொல்லுப்பா. நல்ல மனுஷன். ஒரு தடவை என் பல்லைத் தட்டிவிட்டுட்டு, அவனே குனிஞ்சு பொறுக்கிக் குடுத்தான்" என்றான் டுவேன்.

திங்கட்கிழமை போகட்டும், அப்புறம் ஏதாவது காபிக் கடையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். இந்த வாசலுக்கு யாரையும் வரவழைப்பது எனக்குப் பிடிக்காது. லாயிட் சிரித்தான். உனக்கு ஹாக்கி தெரியாது பெர்னி என்றான். ஆறு அண்ணன் தம்பிகளோடு, கொல்லையில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து விளையாடி, முன்பல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தவள் நான். எனக்குத் தெரியாதாம். உரித்த தோலை அள்ளி அவன்மேல் வீசலாமா என்று இருந்தது.

சனிக்கிழமை மதியம். பின்முற்றத்தில் சாப்பாட்டுக்கு வரிசை நின்றது. கம்பிவலை வேலி, இரும்பாக உறைந்த தரை, மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டும் குளிர். நான் பின்வாசலில் பெரிய அண்டாவை வைத்து இறைச்சிக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். டுவேன் சவரம் செய்து, சுத்தமான சட்டை போட்டு, மேலே கனத்த குளிர்கோட்டோடு லாயிட்டின் பக்கத்தில் காத்திருந்தான். பென்னரின் வண்டி வந்து நின்றது. டுவேன் கையை நீட்டிக்கொண்டே போனான்.

பென்னர் கையைப் பிடிக்கவில்லை.

"போலாமா?" என்றான்.

டுவேன் சிரித்தான். கிண்டல் என்று நினைத்துவிட்டான். பிறகு பென்னரின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. இரண்டே எட்டில் என் கதவு இருந்தது, உள்ளே வந்திருக்கலாம். வரவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவனை அந்த லீக்குகளில் சாகும் வரை கேலி பேசுவார்கள். திங்கட்கிழமையையும் சாவியையும் அவன் நினைத்தானோ என்னவோ, கையுறைகளைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டான்.

லாயிட் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு கைகளையும் விரித்து, வரிசையில் நின்றவர்களைப் பின்னால் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தான். பிறகு ஓரமாகப் போய், முட்டியை லேசாக மடக்கி, கைகளைத் தொங்கவிட்டு நின்றான். சறுக்குக் காலணி மட்டும்தான் குறை.

முதல் குத்தை டுவேன் தாங்கினான். திருப்பி ஒன்று கொடுத்தான், பென்னரின் உதடு கிழிந்தது. வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அடுத்த குத்து டுவேனின் மூக்கில். மூன்றாவது, காதுக்கு முன்னால், தாடை மூட்டில். சுள்ளி முறிகிற அந்தச் சத்தம் அண்டாப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. பென்னர் குளிர்கோட்டைப் பின்னாலிருந்து இழுத்து டுவேனின் தலைக்கு மேல் கவிழ்த்தான். கை இரண்டும் கோட்டுக்குள் சிக்கிக்கொண்டன. கழுத்துப்பட்டையை இடக்கையால் பிடித்து வேலியோடு சாய்த்து நிறுத்தி, வலக்கையால் குத்தத் தொடங்கினான்.

குத்திக்கொண்டே பேசினான். கத்தவில்லை, பேசினான்.

"எம் மக பேரு எனக்கு வரமாட்டேங்குது டுவேன். காலைல அவ வந்து நிக்கிறா. பேரு வரமாட்டேங்குது. நீதான அந்தக் காலத்துல என் தலைல அடிச்ச. சொல்லு. எம் மக பேரு என்ன?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குத்து. துணிக்கு மேலேயே மூக்கிருந்த இடம் தட்டையாகத் தெரிந்தது. கோட்டின் துணிக்குள்ளிருந்து இரத்தம் கொப்பளித்து, வேலிக் கம்பியில் வழிந்து, வழிந்த இடத்திலேயே உறைந்தது. பல் ஒன்று கோட்டுக்கு அடியிலிருந்து தெறித்து, குழம்புக் கிண்ணம் ஏந்தி நின்ற ஒருவரின் காலடியில் வந்து விழுந்தது. வரிசையில் இப்போது யாரும் கைதட்டவில்லை.

"லாயிட், அவனைப் புடிடா" என்று கத்தினேன்.

அவன் திரும்பவில்லை. உள்ளங்கையை மட்டும் என் பக்கம் காட்டினான்.

"இரு பெர்னி. ரெண்டு பேரும் நிக்கிறாங்க."

நிற்கிறார்களாம். நான் டுவேனின் கால்களைப் பார்த்தேன். பூட்ஸ் இரண்டும் பக்கவாட்டில் சரிந்து தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தன. முட்டியில் உயிரே இல்லை. பென்னர் அவனை விழவிடாமல் தூக்கிப் பிடித்திருந்தான். விழாத வரை லாயிட் வரமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தொழிலில் தலை நரைத்தவனுக்குத் தெரியாதா?

குழம்புக் கரண்டியோடு ஓடினேன். அண்டாவுக்கான கரண்டி, முழங்கை நீளம், இரும்பு, கொதிக்கக் கொதிக்க. பென்னரின் காதோடு சேர்த்து வீசினேன். தோல் உரிந்து வந்தது. அவன் திரும்புவதற்குள் இன்னொன்று, நெற்றிப்பொட்டில். கரண்டிக் காம்பு வளைந்துவிட்டது. அவன் பிடி விட்டது. டுவேன் சரிந்தான். கோட்டுக்குள் கை மாட்டியிருந்ததால் ஊன்றிக்கொள்ளக்கூட முடியவில்லை. தலை நேராகத் தரையில் மோதியது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

அப்போதுதான் லாயிட் வந்தான். பழக்கப்படி பாய்ந்து வந்து டுவேனின் மேல் கவிழ்ந்து, தன் உடம்பால் அவனை மூடிக்கொண்டான். அடிக்க அங்கே யாரும் இல்லை. பென்னர் காதைப் பொத்திக்கொண்டு பனியில் உட்கார்ந்துவிட்டிருந்தான். யாரும் அடிக்காத மனிதனை லாயிட் அப்படி மூடிக்கொண்டு கிடந்தான்.

கோட்டை விலக்கி முகத்தைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. எழுந்து பென்னரிடம் போனான். அத்தனை சண்டைகளுக்கு நடுவில் நின்றும் வாழ்நாளில் யாரையும் அடிக்காத மனிதன் அவன். பென்னரைத் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் மாறி மாறிக் குத்தினான். குத்தத் தெரியாத குத்து. தன் கட்டை விரலையே முறித்துக்கொண்டான். பென்னர் தடுக்கவே இல்லை. வாயில் இரத்தத்தோடு அழுதுகொண்டே மகளின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தான். வரிசையில் நின்ற மூன்று பேர் சேர்ந்துதான் லாயிட்டைப் பிரித்தெடுத்தார்கள்.

பென்னரைக் கைவிலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். வாக்குமூலம் எடுத்த போலீஸ்காரர் இளைஞர், அவரும் ஹாக்கி ஆடியவர். லாயிட் எதையும் மறைக்கவில்லை. தான் இடம் பண்ணிக் கொடுத்ததையும், பார்த்துக்கொண்டு நின்றதையும் சொன்னான். போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்தி, தலையை ஆட்டி, நானும் அப்படித்தான் நின்றிருப்பேன் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அன்று ஏறிய ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை லாயிட் கட்டுப்போட்ட கையோடு செல்கர்க் தெருவுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தான். அறையை நிறுத்தி வைக்க அவர்களால் முடியவில்லை. ஒரு வயதான பெண்ணுக்குப் போனது. அவரை எனக்கும் தெரியும், அவர்மேல் எந்த வருத்தமும் இல்லை.

டுவேனின் மண்டையைத் திறந்து இரத்தக்கட்டை எடுத்தார்கள். கண் விழிக்கப் பல வாரங்கள் ஆயின. இடது பக்கம் வேலை செய்யவில்லை. இனி அவன் தனி அறையில் இருக்க முடியாது, மருத்துவமனையிலிருந்து நேராகப் பராமரிப்பு இல்லத்துக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு மட்டும் மெதுவாகத் திரும்பியது. பேசுகிறான் என்று தெரிந்ததும் லாயிட்டும் நானும் போனோம். லாயிட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டு கட்டிலருகே நின்றான். மன்னிச்சுக்கோ என்றான். நான் முன்னாடியே உள்ளே வந்திருக்க வேண்டும் என்றான்.

டுவேன் ஒரு பக்க உதட்டால் சிரித்தான்.

"எதுக்கு? நீ சரியாத்தான் நின்ன. நான் விழலையே. அத்தனை வருஷத்துல என் முட்டி கீழ பட்டதில்ல. இந்த வயசுலயும் பென்னரால என்னைச் சாய்க்க முடியல பாத்தியா? பெர்னி வந்து கெடுத்துட்டா."

என்னையும் சேர்த்துக் கிண்டல் பண்ணினான். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இதோடு விட்டுவிடலாம், எல்லோரும் பிழைத்துப் போகலாம் என்று நினைத்தேன். லாயிட்டின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். அவன் அசையவில்லை. டுவேன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாகச் சிரிப்பு போனது.

"நின்னேன்ல?" என்று கேட்டான்.

லாயிட்டைப் பார்த்தேன். பொய் சொல்லுடா என்று மனசுக்குள் கத்தினேன்.

"இல்ல டுவேன். மூணாவது குத்துலயே நீ போயிட்ட. அவன்தான் உன்னைத் தூக்கிப் பிடிச்சிருந்தான்."

டுவேனின் வலது கை போர்வையைக் கசக்கிக்கொண்டிருந்தது.

"நீ பாத்துட்டே நின்ன" என்றான்.

"ஆமா."

"வெளிய போ."

லாயிட் வெளியே போனான். வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைத் தொப்பிக்குள் புதைத்து அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. கிடைத்த மன்னிப்பை வைத்துக்கொள்ளத் தெரியாத மடையனே, கிடந்தவனிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டாயே என்று நர்சுகள் முன்னாலேயே திட்டினேன். அவன் கேட்டானே பெர்னி, அவனிடம் எப்படிப் பொய் சொல்வது என்றான். ஊரெல்லாம் ஆள் அகப்படவில்லை என்று பொய் சொல்லிக்கொண்டு திரிகிறவன்.

அதன் பிறகும் லாயிட் தினமும் போகிறான். அண்டா தேய்க்க வருவதில்லை. மதியம் முழுக்க அந்த வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். டுவேன் ஒரு நாளும் அவனை உள்ளே கூப்பிடவில்லை. சூப் கொண்டுபோகும் நாட்களில் நான் மட்டும் உள்ளே போய், அவனுக்கு ஊட்டிவிட்டு வருகிறேன். போன வாரம் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, கதவுப் பக்கம் பார்த்தான்.

"வெளிய இருக்கானா?" என்று கேட்டான்.

இருக்கான் என்றேன். போகச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

டுவேன் இன்னொரு வாய் வாங்கி, மெதுவாக முழுங்கினான்.

"இருக்கட்டும்" என்றான்.